ஆறுதான் எல்லை

ஆவணி 2

அலை நாலு முதல் ஐந்து அடி. காற்று தெற்கேயிருந்து, பலமாக. நீரோட்டம் வடக்கு நோக்கி. கட்டுமரத்தில் போகிறவர்கள் கவனமாகப் போகவும்.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, இதை இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை என்று. ஒன்பது வருடம் ஆலந்திட்டு மீனவர் தகவல் மையத்தில் மைக்கைப் பிடித்தவள் நான். காலையும் மாலையும் ஊரின் நாலு மூலையிலும் குழாய் ஒலிபெருக்கியில் என் குரல்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டாள் குணவதி என்று திட்டிக்கொண்டே கேட்பார்கள். இப்போது மைக் வேறொரு பெண்ணிடம். அவள் அலை உயரத்தை மீட்டரில் சொல்கிறாள். காற்று எடுத்து வரும்போது எனக்கே கேட்கிறது. ஊரில் ஒருத்தருக்கும் புரிந்திருக்காது.

பேசாமலே இருந்தால் தொண்டை கட்டிப்போகும் என்று பயமாக இருக்கிறது. அதனால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். வெளியாள் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பார்க்க ஆளில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

ஆவணி 3

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு அதைப் பற்றி எழுதமாட்டேன்.

எங்கள் ஆறு கடற்கரைக்கு வந்ததும் நேராகக் கடலில் விழாது. வடக்கே திரும்பி, ஒரு நீளமான மணல்திட்டுக்குப் பின்னாலேயே நடந்து, கடைசியில்தான் விழும். ஆற்றுக்குத் தெற்கே நான் வாழ்க்கைப்பட்ட ஆலந்திட்டு. வடக்கே, ஆறு கடலில் விழுகிற வாய்க்கு அந்தப் பக்கம், நான் பிறந்த கொன்னைமேடு. மணல்திட்டு ஆலந்திட்டுக் கரையிலிருந்து வடக்கே நீட்டிய கை மாதிரி கிடக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு.

சில வருடத்துக்கு முன்னால் ஆலந்திட்டில் கடல் ஏறி வீடுகளைத் தின்றது. எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அரசாங்கத்தில் கல் கொட்டினார்கள், தூண்டில் முள் மாதிரி வளைந்து கடலுக்குள் போகும் கற்சுவர். தெற்கேயிருந்து கடல் தள்ளிக்கொண்டு வரும் மணல் அதில் தட்டி நின்றது. ஊருக்குக் கரை மீண்டது. எங்கள் வீடும் பிழைத்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மணல் வடக்கே போகவேண்டியது. போகவில்லை. மணல் இல்லாத அலை மட்டும் போனது. கொன்னைமேட்டில் ஒரு வரிசை வீடு கடலுக்குள் போய்விட்டது, என் அண்ணன் நாகமுத்து வீட்டோடு சேர்த்து.

இந்த வருடம் இரண்டாவது கல் கேட்டது ஆலந்திட்டு. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வந்த அதிகாரி, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார். பேசலாம் என்று ஒருவர் சொல்லி நான் பேசாமல் உட்கார்ந்ததே கிடையாது. எழுந்து, இந்தக் கல் வந்த பிறகு வடக்கே என்ன ஆனது என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். இரண்டாவது கல் நின்றுபோனது.

ஊர் கூடியது. நாட்டார் பக்கிரிசாமிதான் ஊருக்குத் தலைவர். அவர் தீர்ப்புச் சொன்னார். பிறந்த ஊருக்காக வாழவந்த ஊரைக் காட்டிக்கொடுத்தவள். ஊர் எல்லைக்குள் அவளோடு யாரும் பேசக்கூடாது, பெயர் சொல்லி அழைக்கக்கூடாது, அவள் கையால் எதையும் வாங்கக்கூடாது. மீறியவர் படகு கடலில் இறங்காது. அவளாக அம்மன் கோயில் வாசலில் ஊர் முன்னால் விழுந்து, சொன்னது பொய் என்று சொன்னால் தீர்ப்பு தள்ளுபடி.

என் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவுக்குப் படகில் ஒரு பங்குதான். மற்ற பங்கெல்லாம் அவர் தம்பிகளுடையது. என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசினால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. அவர் பேசவில்லை. மணல்திட்டு நடுவில் இருக்கும் எங்கள் வலைக் கொட்டகையில் என்னைப் படகில் கொண்டுவந்து இறக்கினார். அரிசி மூட்டையை இறக்கினார். ஸ்டவ்வை இறக்கினார். படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிள்ளை இல்லை. அதனால் பேச்சே எங்களுக்குப் பிள்ளை என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அண்ணன் போனில், கொன்னைமேட்டுக்கு வந்துவிடு என்கிறான். போனால் பிறந்த ஊருக்காகத்தான் பேசினாள் என்பது உண்மையாகிவிடும். போகமாட்டேன். விழவும் மாட்டேன். அவர் வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசட்டும். அதுவரைக்கும் இங்கேதான்.

ஆவணி 9

ஆற்றுச் சேற்றில் மட்டி பொறுக்கினேன். வேகவைத்துச் சதையை எடுத்து வைத்தால் கொன்னைமேட்டு வியாபாரி தோணியில் வந்து வாங்கிப்போகிறான். அவன் அந்த ஊர்க்காரன், பேசலாம். ஆனால் அவன் பிறவியிலேயே பேச்சு கம்மியான ஆள். என் நேரம்.

விடியும்போது அவர் படகு ஆற்றின் வழியாக வாயை நோக்கிப் போனது. எஞ்சின் சத்தத்திலேயே தெரியும், நடுநடுவே ஒரு இருமல் இருமும். கொட்டகையைத் தாண்டும்போது அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்ப்பதற்காக அங்கே நிற்கவில்லை. மட்டி அந்த இடத்தில்தான் நிறைய கிடைக்கிறது.

ஆவணி 15

இன்று பேச்சு கிடைத்தது. ஆட்டின் புண்ணியத்தில்.

என் ஓரகத்தி தையல்நாயகி, அவருடைய தம்பி பெண்டாட்டி, ஆடு மேய்க்கிற சாக்கில் மணல்திட்டில் நடந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஆட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அதனிடம் பேச ஆரம்பித்தாள். அவள் வீட்டுக் குழம்பு தீய்ந்த கதை, ஐஸ் வண்டி வராத கதை, புது மைக்காரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டுப் படிக்கிற கதை. ஆடு பாவம் காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. ஆட்டோடு பேசக்கூடாது என்று நாட்டார் சொல்லவில்லையே.

நானும் ஆட்டிடமே கேட்டேன், உன் பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று. அவள் ஆட்டிடம் பதில் சொன்னாள், சாப்பாடு சரியில்லை, இளைத்துவிட்டார், கடலுக்குப் போவதும் படுப்பதும்தான் என்று. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அவருக்கும் ஒரு ஆடு வாங்கிக் குடுங்களேன். ஆட்டுக்கிட்டயாவது பேசட்டும்."

தையல் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆட்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆவணி 28

ஊற்று கரிக்கிறது.

கொட்டகைக்குப் பக்கத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் உப்பு, நடுவில் மட்டும் மழைத்தண்ணீர் மணலுக்குள் தங்கி நிற்கும். திட்டு அகலமாக இருந்தால்தான் அது தங்கும். வந்த புதிதில் தேங்காய்த் தண்ணீர் போல இருந்தது. போன வாரம் லேசாகக் கரித்தது. இன்று டீ போட்டுக் குடித்தால் வாய் வறண்டுபோகிறது.

திட்டு இளைக்கிறது. கடல் ஒரு பக்கம் மணலை அள்ளிக்கொண்டு போகிறது, தெற்கேயிருந்து புது மணல் வரக் கல் விடுவதில்லை. இந்தப் பக்கம் ஆறும் வளைவில் அரிக்கிறது. கொட்டகைக்குக் கொஞ்சம் தெற்கே, ஆறு வந்து திரும்புகிற இடத்தில், திட்டின் இடுப்பு ஒட்டிப்போயிருக்கிறது.

அவர் படகு இன்று சீக்கிரமே போனது.

புரட்டாசி 7

ஆற்று வாய் அடைத்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் கடல் வாயில் மணலைக் கொண்டுவந்து திணித்துவிடும். வருடா வருடம் நடப்பதுதான். வாய் அடைத்தால் படகுகள் ஆற்றைவிட்டுக் கல்லுக்குத் தெற்கே கடற்கரைக்கு மாறிவிடும். அங்கிருந்தே நேராகக் கடலில் இறங்குவார்கள்.

ஆக, இனி இந்தப் பக்கம் படகு வராது.

மட்டி நிறையக் கிடைத்தது.

புரட்டாசி 8

ஒன்றும் இல்லை.

புரட்டாசி 16

ஆற்றங்கரையில் நின்று ஒரு மட்டி ஓட்டைக் கிழக்கே எறிந்தேன். திட்டின் இடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. எனக்கு ஒன்றும் பெரிய கை இல்லை.

மையத்துப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். நாட்டாரிடம் சொல், மழை வந்து ஆறு பெருகினால் இந்த இடத்தில்தான் உடைக்கும், முன்னாலேயே இங்கே ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் பக்குவமாக வடியும் என்று சொல்ல நினைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அவள் அப்பாவுக்கும் படகு இருக்கிறது.

தையல் வந்தபோது ஆட்டிடம் சொன்னேன். அவள் திட்டைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், பயந்துபோனாள். ஊரில் சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று கேட்பார்களே என்று ஆட்டிடம் புலம்பினாள். ஆடு சொன்னது என்று சொல் என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு அழுகை வந்தது, அவளுக்கும்தான்.

புரட்டாசி 25

காலையில் ஒரு காரியம் செய்தேன். கொட்டகை வாசலில் விழுந்து பார்த்தேன், கோயில் வாசலில் விழுகிற மாதிரி. முட்டி வலித்தது, மற்றபடி ஒன்றும் பெரிய வித்தையில்லை. "நான் சொன்னது பொய்" என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். சுலபமாக வந்தது. ஆனால் அதன் பிறகு சாயங்காலம் வரைக்கும் எதையுமே சொல்லப் பிடிக்கவில்லை. அலை உயரம் கூடச் சொல்லவில்லை.

அவர் ஒரு வார்த்தை, விழுந்துவிடு என்று சொல்லியிருந்தால்கூட விழுந்திருப்பேன் என்று நினைக்கிறேன். சண்டை போட்டுவிட்டு விழுந்திருப்பேன். அதையும் அவர் சொல்லவில்லை.

ஐப்பசி 6

மழை தொடங்கிவிட்டது. மேற்கே எல்லா வாய்க்காலும் வடிந்து ஆற்றில் வந்து சேர்கிறது. வாய் அடைத்துக் கிடப்பதால் போக வழியில்லாமல் ஆறு குளமாக நிற்கிறது, ஏறுகிறது. ஆலந்திட்டில் ஆற்றுத் தெருதான் பள்ளம். முதலில் அங்கேதான் ஏறும்.

இந்த மாதிரி நேரத்தில் வாய் வெட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அம்மன் கோயில் துறையில் மஞ்சள் பூசிய மண்குடத்தில் வேப்பிலை செருகி ஆற்றில் விடுவார்கள். குடம் மிதந்து போய் எந்த மணலில் தட்டி நிற்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் குடத்தைத் தூக்கித் தர வேண்டும். நாட்டார் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகுதான் மண்வெட்டி இறங்கும். எனக்குத் தெரிந்து குடம் எப்போதும் பழைய வாய்ப்பக்கம்தான் போய் நிற்கும். அங்கே வீடு கிடையாது. அதனால் நாட்டார் தன் மச்சானையே முன்னாலேயே அனுப்பி நிறுத்திவைப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள்.

ஐப்பசி 9

குடம் என்னிடம் வந்தது.

மழை விட்டிருந்தது. மேளச்சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஆற்றில் தூரத்தில் குடம், அதற்குப் பின்னால் ஆற்றிலேயே கிடக்கிற துடுப்புப் படகுகள். வளைவுக்கு வந்ததும் குடம் வடக்கே திரும்பவில்லை. நேராக வந்தது, திட்டின் இடுப்பில் தட்டியது, அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது. கல் வந்த பிறகு திட்டு இளைத்து, ஆற்றின் இழுப்பு அந்தப் பக்கம் மாறிவிட்டது. குடத்துக்கு யார் சொந்தம், யார் பகை என்றெல்லாம் தெரியாது. தண்ணீர் இழுத்த இடத்துக்கு வந்தது.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவள் நான் ஒருத்திதான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். மேளம் நின்றது. படகுகள் எனக்கு முன்னால் வரிசையாக நின்றன. முதல் படகில் நாட்டார். மூன்றாவதில் அவர்.

நாட்டார் என் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் போட்ட கட்டுப்பாட்டை அவரே உடைத்தவர் ஆவார். என் கையிலிருந்து வாங்க வேண்டும். அதுவும் கூடாது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர். எங்கள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர்.

"இங்க வெட்டுங்க. ஆறு இங்கதான் முட்டுது. பழைய வாய்ல வெட்டுனா கடல் மூடிப்புடும்."

ஒலிபெருக்கி இல்லாமலே என் குரல் அத்தனை படகுக்கும் கேட்டிருக்கும். யாரும் கேட்டமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நான் மூன்றாவது படகில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து ஏதோ கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தக் கயிற்றில் ஒரு சிக்கும் இல்லை. நான் பார்த்தேன்.

குடம் கனத்தது. எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பது. தண்ணீரிலேயே வைத்துவிட்டேன்.

"கொடம் தடம் மாறி வந்துருக்கு. திருப்பி வுடுங்கடா" என்றார் நாட்டார்.

ஒருவன் துடுப்பால் குடத்தைத் தள்ளி, படகோரமாக ஒட்டியே பழைய வாய் வரைக்கும் நடத்திக்கொண்டு போனான். அங்கே மச்சான் நின்றுகொண்டிருந்தார். மேளம் மறுபடி கேட்டது.

ஐப்பசி 10

பழைய வாயில் வெட்டினார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சேர்ந்து வெட்டி, மாலைக்குள் தண்ணீர் ஓடியது. வெடி போட்டார்கள்.

ஐப்பசி 11

காலையில் அந்த வாய் மூடிக் கிடந்தது. வாடைக் காற்றில் கடல் பொங்கி, வெட்டிய மணலையும் வெட்டாத மணலையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டது. மழை விடவில்லை. ஆற்றுத் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் என்று அண்ணன் போனில் சொன்னான். எனக்குச் சந்தோஷமா என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். அந்தத் தெருவில்தான் தையல் வீடு.

ஐப்பசி 12

மழை. கொட்டகையின் இரண்டு பக்கமும் தண்ணீர். ஆறு கடலைவிட உயரத்தில் நிற்கிறது, பார்த்தாலே தெரிகிறது. துணி, அரிசி, இந்த நோட்டு எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன். அண்ணன் தோணியோடு வரட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் வருவார் என்று நினைத்தேனோ என்னவோ.

ஐப்பசி 13

விடிந்து கொஞ்ச நேரத்தில் உடைத்தது.

முதலில் திட்டின் இடுப்பில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. பிறகு ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தண்ணீர் மணல்மேல் வழிந்து கடல் பக்கம் போனது. குழந்தை சிறுநீர் போன அளவுதான். நான் வடக்கே நகர்ந்து நின்றேன். அந்த ஓடை அடியிலிருந்த மணலை இழுத்துக்கொண்டே போனது, போகப் போக ஆழம் ஆனது, ஆழம் ஆக ஆகக் கரை பாளம் பாளமாகச் சரிந்தது. உலையில் சோறு வடித்து முடிக்கிற நேரம்தான். ஆறு முழுக்க அந்த வழியாகக் கடலுக்குப் பாய்ந்தது. சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. வேர் பிடித்து நின்ற அடப்பங்கொடி, பழைய வலை, ஒரு முழுப் பனைமரம் எல்லாம் போயின.

கொட்டகை நின்றது. கொஞ்சம் தெற்கே கட்டியிருந்தால் நானும் இந்த நோட்டும் இல்லை. பயந்துவிட்டேன். யாராவது ஒருத்தர் கையைப் பிடித்தால் போதும் போல இருந்தது. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசி 17

ஆலந்திட்டில் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது. ஆற்றுத் தெருவில் பாய் காயப்போட்டிருக்கிறார்கள், இங்கிருந்தே தெரிகிறது.

இப்போது ஆறு வடக்கே திரும்பி நடப்பதில்லை. நேராக வந்து, ஆலந்திட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே கடலில் விழுகிறது. எனக்கும் ஆலந்திட்டுக்கும் நடுவில் அகலமாக ஆறு. வடக்கே பழைய வாய் முழுக்க மணல் மூடி, திட்டு போய்க் கொன்னைமேட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்று அண்ணன் கால் நனையாமல் நடந்து வந்து கொட்டகை வாசலில் நின்றான். வா, நம்ம ஊரில்தானே இருக்கிறாய் என்றான். நான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை, ஊர்தான் மணலில் நடந்து என்னிடம் வந்திருக்கிறது. அதைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவனோடு போகவில்லை. என் வீட்டுக்காரர் கொட்டகை இது.

ஐப்பசி 19

அக்கரையில் தையல் நின்று கூப்பிட்டாள். என்னைத்தான். பெயரோடு அக்கா சேர்த்து.

எனக்கு முதலில் புரியவில்லை. ஆடு எங்கே என்று தேடினேன். அவள் ஆற்றைத் தாண்டிக் கேட்கும்படி கத்திச் சொன்னாள். ஊர் கூடிப் பேசியதாம். இரண்டு ஊருக்கும் ஆறுதான் எல்லை, அது முன்னோர் காலத்து உடன்படிக்கை. ஆறு இப்போது எனக்குத் தெற்கே ஓடுகிறது. அப்படியானால் நான் ஆலந்திட்டு எல்லைக்குள் இல்லை. எல்லைக்கு வெளியே இருக்கிறவளோடு பேசத் தடை கிடையாது. நாட்டார் அப்படிச் சொல்லிவிட்டார்.

தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார்களா என்று கேட்டேன். அது அப்படியேதான் இருக்கிறதாம். என்னைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மாலைக்குள் பாதி ஊர் அக்கரையில் வந்து நின்று பேசிவிட்டது. எப்படி இருக்கிறாய், பயந்துபோனாயா, சாப்பிட்டாயா என்று. மைக்காரப் பெண்கூட வந்து, மீட்டரை எப்படி அடியாக்குவது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசினேன். திருவிழா பார்த்த மாதிரி இருந்தது.

அவர் வரவில்லை.

ஐப்பசி 20

கொட்டகையைப் பெருக்கினேன். மண்ணெண்ணெய் தீர்ந்தது. சேலையை மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை, அழுக்காக இருந்தது.

ஐப்பசி 22

வந்தார்.

மதியம் ஆற்றில் எஞ்சின் இருமியது. கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், ஓடக்கூடாது என்று. படகைக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, "குணா" என்றார். அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாள். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த நிமிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அரிசி, மண்ணெண்ணெய், நாலு பெரிய கொடுவா மீன் கொண்டுவந்திருந்தார். குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பேசாத மனிதர் அவர், நான் பத்து பேசினால் ஒன்று பேசுவார். இன்று நிறுத்தவே இல்லை. வீட்டுக் கூரையில் எந்த ஓடு ஒழுகுகிறது, வலையில் என்ன கிழிசல், தம்பி போட்ட சண்டை, படுத்தால் தூக்கம் வராதது, ஒருநாள் வலை விரிக்கும்போது என் அறிவிப்புக் குரல் காதில் கேட்டமாதிரி இருந்து திரும்பிப் பார்த்தது. எல்லாம் சேர்த்துவைத்திருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு மனசு நிறைந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற அன்று தனக்கு எப்படி இருந்தது என்றும் சொன்னார். சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது போய்விட்டது.

இனிமேல் தினமும் வருகிறேன் என்றார். இப்போதுதான் பேசலாமே என்றார்.

அந்த வார்த்தை என் காதில் நின்றுகொண்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே ஆற்றைப் பார்த்தேன். மழை முடியும், ஆறு சுருங்கும். சோழகக் காற்று வந்தால் கடல் மறுபடி தெற்கேயிருந்து மணல் தள்ளும். கல்லைச் சுற்றிக்கொண்டு வருகிற கொஞ்சம் மணலே போதும், புது வாய் அடைபட. ஆறு வழிதேடிப் பழையபடி வடக்கே திரும்பும். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில் கிடக்கிறவர்.

"ஏங்க, ஆறு திரும்பப் பழைய வழிக்கே போயிட்டா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. காற்று மாறினால் வலையை எந்தப் பக்கம் விடுவது என்று கேட்டால் சொல்வாரே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"அப்ப எப்புடிப் பேசுறது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. என்னைக் காயப்படுத்த நினைக்கவில்லை. ஒளிக்கவும் இல்லை. இருந்ததைச் சொன்னார். நானும் கூட்டத்தில் இருந்ததைத்தான் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது.

"அப்பன்னா இப்பவும் வேணாங்க."

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். இந்தக் கரைக்கே வந்து என்னோடு இருந்துவிடுங்கள் என்று நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கேட்கவில்லை. கேட்டால் தம்பிகள், படகு, பங்கு என்று அவர் சொல்ல வேண்டிவரும், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். இறங்கிப்போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தார். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, தள்ளாமலே படகு நகர்ந்தது.

மீதிக் குழம்பை நாளைக்குச் சுடவைத்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன். பிறகு உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.